புட்டுமாவும் கோலிக்குண்டும்

அன்புள்ள அத்தைக்கு,



போன வாரம் ஃபோனில், "பொடியை வச்சு அப்படி என்னடா ஆராய்ச்சி?" என்று கேட்டீர்கள். மழுப்பிவிட்டேன். யோசித்தால், புட்டுக்கு மாவு விரவும்போது நீங்கள் கையில் பிடித்துப் பார்க்கிறீர்களே, அதுதான் என் வேலையும்.

ஆய்வுக்கூடத்தில் இதற்குப் பெயர் சறுக்குப் பெயர்ச்சிச் சோதனை. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜெனிக்கே 1964-இல் எழுதிவைத்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அடியில் வட்டக் கிண்ணம், மேலே ஒரு வளையம், நிறையப் பொடி, மூடி, மூடிமேல் எடை. வளையத்தைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினால் பொடி நடுவில் அறுபடும். முதலில் கனத்த எடை. தள்ளும் விசை ஏறி ஓர் அளவில் நின்றதும், எடையைக் குறைத்து மறுபடி தள்ள வேண்டும். முன்பு பட்ட அழுத்தத்தைப் பொடி எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். விரலை எடுத்த பிறகும் உங்கள் பிடி மாவு நிற்கிறதே, அதே சங்கதி. ஆலைகளில் கூம்புத் தொட்டி அடைத்துக்கொள்வதும் இதனால்தான்.

நான் இதைக் கணினிக்குள் செய்கிறேன். ஒவ்வொரு துகளும் ஒரு கோலிக்குண்டு. எது எதை இடிக்கிறது, எவ்வளவு உரசுகிறது என்று கணக்குப் போட்டு, இம்மி நகர்த்தி, மறுபடி கணக்கு. பீட்டர் கண்டலும் ஓட்டோ ஸ்ட்ராக்கும் 1979-இல் விளக்கிய வழி. ஆனால் நான்கு மைக்ரான் சுண்ணாம்புக்கல் பொடி என்றால் ஒரு கன சென்டிமீட்டரிலேயே சுமார் ஆயிரம் கோடித் துகள். எந்தக் கணினி தாங்கும்? அதனால் குண்டுகளைப் பெரிதாக்கி இரண்டு லட்சத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஏமாற்று வேலைதான், ஊரே செய்கிறது.

சென்ற மாதம் கணினியில் கிடைத்த தள்ளுவிசையின் வரைகோடு, ஆய்வுக்கூடச் சோதனையில் வந்த கோட்டின்மேல் அச்சாகப் படிந்தது. அன்று ராத்திரி ஐஸ்கிரீம் எல்லாம் சாப்பிட்டேன். மறுநாள் குண்டுகளின் உரசலைக் குறைத்து, உருளும்போது வரும் தடையைக் கூட்டினால், அதே கோடு! எது நிஜப் பொடி? இரண்டையும் கணினிக்குள்ளேயே தட்டில் கொட்டிக் குவித்துப் பார்த்தேன். ஒன்று செங்குத்தாக நின்றது, மற்றது சரிந்து பரவியது. பொடியை அறிந்துவிட்டதாக நினைத்தேன், அத்தை. ஒரு கோட்டுக்கு ஏற்ற இரண்டு எண்களைத்தான் பிடித்திருந்தேன்.

நீங்களோ பிடித்தும் பார்ப்பீர்கள், உதிர்த்தும் பார்ப்பீர்கள். எனக்கு அது உறைக்க மூன்று வருஷம் ஆயிற்று.

அடுத்து ஈரத்தைச் சேர்க்கப் போகிறேன். ஒரு படி மாவுக்கு எவ்வளவு தண்ணீர் தெளிப்பீர்கள்? "கைக்குத் தெரியும்" என்று சொல்லாமல், ஒரு தடவை டம்ளரில் அளந்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்