கம்பி காலாகும் இடம்

துணியால் பறவை செய்கிறவர்களிடம் உடலைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். எந்தச் சேலைக் கிழிசல் சிறகுக்குப் பொருந்தும், வயிற்றுக்கு இலவம்பஞ்சா வெட்டுத்துணியா, கண்ணுக்குப் பாசிமணியா நூல் முடிச்சா என்று விவரங்கள் விரிந்துகொண்டே போகும். காலைப் பற்றிக் கேட்டால் பேச்சு சுருங்கிவிடும். "கம்பிதான், வளைத்துச் செருகிவிடுவோம்" என்பார்கள். அந்தக் கம்பிக்கு மேல் என்ன சுற்றுவது என்பதைப் பற்றித்தான் இங்கே சொல்ல நினைக்கிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். குறுந்தொகை வரை போய்த்தான் திரும்பப் போகிறோம்.

நாங்கள் இருவர், அக்காவும் தங்கையும். வீட்டில் சேர்ந்துபோன பழைய சேலைகளையும் தையற்காரரிடம் கிடைக்கும் துண்டுகளையும் கொண்டு பறவை செய்யத் தொடங்கியது 2012இல். முதல் சில ஆண்டுகள் எங்கள் பறவைகள் வெற்றுக் கம்பிக் கால்களிலேயே நின்றன. எங்களில் இளையவளுக்கு அதுவே பிடித்திருந்தது. துணி துணியாக இருக்கட்டும், கம்பி கம்பியாக இருக்கட்டும், பொருள் தன்னை மறைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் அழகு என்பது அவளுடைய வாதம். மூத்தவள் அதை ஒருபோதும் ஒப்பவில்லை. "துணியும் பஞ்சுமா ஒரு உடம்பைச் செஞ்சுட்டு, அது மண்ணைத் தொடுற இடத்துல மட்டும் ஏண்டி கைவிடணும்?" என்பாள். இந்த வழக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது.

பறவையின் காலை மனிதர்கள் பொருட்படுத்தாமல் விடுவது புதிதன்று. நியூகினித் தீவிலிருந்து சொர்க்கப் பறவைகளின் தோல்கள் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போயின. பிடித்தவர்கள் இறகுக்காகவே அவற்றைப் பாடம் செய்தார்கள். கால்களை வெட்டி எறிந்துவிட்டார்கள். தோலை மட்டும் கண்ட ஐரோப்பியர், இந்தப் பறவைக்குக் காலே இல்லை, அது தரையில் இறங்காமல் வானிலேயே வாழ்ந்து வானிலேயே மடிகிறது என்று கதை கட்டினார்கள். 1758இல் லின்னேயஸ் அவற்றுள் பெரியதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது 'அபோடா' என்ற சொல்லைச் சேர்த்தார். 'காலற்றது' என்று பொருள். நல்ல வலுவான கால்களோடு மரக்கிளைகளில் ஆடித் திரியும் பறவை அது. இன்றும் அதன் பெயர் காலற்றது என்பதுதான். கால் வெட்டப்பட்டதை அறியாதவர்களுக்கு அந்த வெறுமையே பறவையின் இயல்பாகிவிட்டது. இதை எங்கள் கூடத்து வழக்கில் மூத்தவள் சாட்சியாகக் கொண்டுவந்தாள்.

எங்கள் பழம்புலவர்கள் அப்படி விட்டுவிடவில்லை. குறுந்தொகையின் 25ஆம் பாடலில், தலைவன் தன்னைக் கூடிய பொழுதில் சாட்சியாக எவரும் இல்லை என்கிறாள் தலைவி. ஓடும் நீரில் ஆரல் மீனுக்குக் காத்திருந்த ஒரு குருகு மட்டுமே அங்கே இருந்தது. அந்தக் குருகை நமக்குக் காட்ட வேண்டிய கபிலர் அதன் சிறகையோ கழுத்தையோ எடுக்கவில்லை, காலை எடுத்தார். மெலிந்த, பசுமையோடிய அந்தக் காலுக்குத் தினைப்பயிரின் தாளை உவமை சொன்னார். பள்ளியில் இதைப் படித்தபோது நிறத்துக்கும் மெலிவுக்கும் சொன்ன உவமை என்று மட்டுமே எடுத்துக்கொண்டோம். கம்பிக்கு நூல் சுற்றத் தொடங்கிய பிறகு வேறொன்றும் புலப்பட்டது. தினைத்தாளுக்குக் கணு உண்டு. அதன் தோலில் நீளவாக்கில் வரி உண்டு. அது வெறும் கோடு அன்று. உயிருள்ள மெலிவுக்கும் உயிரற்ற மெலிவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கபிலர் ஒரு பயிரின் தாளில் கண்டிருக்கிறார். கம்பியில் இல்லாதது அதுதான்.

* * *

செய்முறையைச் சொல்லிவிடுகிறோம். கேட்டவர்கள் பலர்.

கட்டடக் கம்பிகளை முடிகிறார்களே, அந்தக் கட்டுக்கம்பி எந்த ஹார்டுவேர் கடையிலும் எடைக்குக் கிடைக்கும். கையால் வளையும். ஆனால் பூச்சில்லாத இரும்பாதலால் கைவியர்வை பட்டால் துருப்பிடித்து, மேலே சுற்றிய நூலிலும் கறை ஏற்றும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி சற்று விறைப்பானது; துரு எளிதில் அண்டாது. மைனா அளவுள்ள பறவைக்கு 20 கேஜ் போதும். கொக்குக்கு 16 கேஜ் வேண்டும்.

மைனாவின் ஒரு காலுக்கு 40 சென்டிமீட்டர் கம்பியை வெட்டிக்கொள்கிறோம். நடுவிலிருந்து தொடங்கி, 2.5 சென்டிமீட்டர் வெளியே போய் அதே தடத்தில் திரும்பி வரும்படி மடித்து, மூக்குக் குறடால் நெருக்கினால் ஒரு விரல். இப்படி நான்கு. மீந்த இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கி மேலே கொண்டுபோனால் கால். இந்த முறையில் வெட்டுமுனை ஒன்றுகூட விரல் நுனியில் வராது. இரண்டும் உடலின் பஞ்சுக்குள் போய் மடங்கிக்கொள்ளும். எவர் செய்தாலும் இந்த ஒன்றை மட்டும் விடக் கூடாது.

முதல் போர்வை, காகிதப் பூ செய்வோர் பயன்படுத்தும் மெழுகு டேப். அதை இழுத்தால்தான் ஒட்டும். விரல் நுனியில் குல்லாய்போல் மடித்துப் போர்த்தி, அங்கிருந்து சாய்வாகச் சுற்றி வர வேண்டும். இதோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. தொலைவிலிருந்து பார்க்க அது போதும். நாங்கள் அதன்மேல் எம்பிராய்டரி நூல் சுற்றுகிறோம். ஒரு நூலில் ஆறு இழைகள் இருக்கும். இரண்டு இழைகளைப் பிரித்தெடுத்துச் சுற்றினால் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 20 சுற்று பிடிக்கும். நான்கு விரலும் வெளியே தெரியும் காலும் சேர்ந்து 15 சென்டிமீட்டர். ஆக, ஒரு காலுக்கு 300 சுற்று, ஒரு மைனாவுக்கு 600. முடிக்கும்போது முடிச்சுப் போட்டால் புடைத்துத் தெரியும். அதனால் கடைசிப் பத்துச் சுற்றுக்கு முன் ஒரு நூல் வளையத்தைக் கீழே படுக்கவைத்து, அதன்மேல் சுற்றி, நுனியை வளையத்துக்குள் நுழைத்து இழுத்துவிடுகிறோம். கிரிக்கெட் மட்டைக்குக் கைப்பிடி நூல் சுற்றுகிறவர்கள் அறிந்த வித்தை இது.

நடுக்காலில் புடைப்பொன்று வேண்டும். பறவையின் முழங்கால் பின்னோக்கி மடிகிறது என்று பலர் நினைக்கிறோம். அது முழங்கால் அன்று, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. பறவை தன் விரல்களின்மேல்தான் நடக்கிறது. அந்தக் கணுவுக்கு ஒரு மெல்லிய துணிப்பட்டையை நாலு சுற்று சுற்றி, அதன்மேல் நூல் ஓட்டினால் போதும். அந்தச் சிறு புடைப்பு வந்ததும் கம்பி காலாகிவிடும். தினைத்தாளின் கணு என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

* * *

2019இல் மூத்தவளுக்குக் கண்ணழுத்த நோய் இருப்பது தெரிந்தது. கிளாக்கோமா. ஓரங்களிலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு உள்ளே வரும் நோய். போன பார்வை திரும்பாது. சொட்டுமருந்து மீந்திருப்பதைக் காக்கப் பார்க்கும். துணி வெட்டுவதையும் தையலையும் அவள் படிப்படியாக இளையவளிடம் விட்டாள். நூல் சுற்றுவதை மட்டும் விடவில்லை. கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு சுற்றையும் முந்தையதோடு நெருக்கி, இடைவெளி இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்ப்பாள். மின்சாரம் போன இரவுகளிலும் அவள் வேலை நின்றதில்லை. எங்கள் வழக்கு அப்படியே அடங்கிப்போனது. தீர்ப்பு என்று எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. வெற்றுக் கம்பியின் அழகு கண்ணுக்கு மட்டுமே உரியது என்பது இருவருக்கும் விளங்கியிருந்தது.

பார்வையற்ற குழந்தைகளுக்கான பள்ளியொன்றில் ஆசிரியையாக இருக்கும் தோழி, பறவைப் பாடத்துக்குத் தொட்டுப் பார்க்கப் பறவைகள் வேண்டுமென்று கேட்டது அதன் பிறகுதான். சந்தையில் கிடைக்கும் பொம்மைகளில் காகத்துக்கும் கிளிக்கும் ஒரே கால் இருக்கிறது, அல்லது காலே இல்லாமல் அடிப்பாகம் தட்டையாக இருக்கிறது என்று அவர் வருத்தப்பட்டார். காகம், மைனா, கிளி, குயில், வாத்து, குருட்டுக்கொக்கு என்று ஆறு பறவைகள் செய்தோம். கண்ணால் பார்ப்பவருக்குக் கிளியைக் கிளியென்று சொல்லப் பச்சை போதும். தொட்டுப் பார்ப்பவருக்கு நிறம் உதவாது. அலகும் காலும்தான் பெயர் சொல்லும். காகத்துக்கும் மைனாவுக்கும் மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே. கிளிக்கும் குயிலுக்கும் முன்னே இரண்டு, பின்னே இரண்டு. வாத்துக்கு விரலிடையில் சவ்வு. அதற்குப் பழைய பட்டுத்துணியை இரட்டையாக மடித்துத் தைத்தோம். யாரும் பார்க்காத உறுப்பு என்று விடப்பட்ட கால், அங்கே எழுத்தாக மாறியது.

பள்ளியில் பத்து வயதிருக்கும் ஒரு சிறுமி மைனாவை எடுத்தாள். எல்லாக் குழந்தைகளும் சிறகிலிருந்து தொடங்க, அவள் கீழிருந்து தொடங்கினாள். விரல்களை எண்ணினாள். கம்பி வளையும் என்று தெரிந்ததும் அவற்றைத் தன் ஆட்காட்டி விரலைச் சுற்றி ஒவ்வொன்றாக மடக்கினாள். மைனா அவள் விரலில் உட்கார்ந்தது. பஞ்சடைத்த துணிக்காலால் இது முடிந்திராது. வெற்றுக் கம்பியாக இருந்தால் அவள் விரலை அது உறுத்தியிருக்கும். கம்பி உள்ளே இருக்க வேண்டும், கம்பியென்று கைக்குத் தெரியாமலும் இருக்க வேண்டும்.

பிறகு அவள் சொன்னாள்: "டீச்சர், எங்க வீட்டுல கோழி இருக்கு. கோழிக்கால் இப்படி இருக்காது. முன்னால தட்டுத்தட்டா சொரசொரன்னு இருக்கும். மைனாவுக்கு அது கிடையாதா?"

மைனாவுக்கும் உண்டு. பறவைகளின் காலில் முன்புறம் செதில்கள் பட்டைபட்டையாக அடுக்கியிருக்கும். அதை அவளிடம் சொன்னோம். "அப்ப இது?" என்றாள். "இது நூல்மா. செதில் எப்படி வைக்கலாம்னு பார்க்கிறோம்" என்றாள் மூத்தவள். சிறுமி அதை ஏற்றுக்கொண்டாள். அடுத்துக் கொக்கைத் தொட்டபோது அதன் பெயரைக் கேட்டாள். ஆள் அருகில் வரும்வரை அசையாமல் நிற்பதால் அதற்குக் கண் தெரியாதென்று நினைத்துக் குருட்டுக்கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள், உண்மையில் அதற்கு நல்ல பார்வை என்றோம். அவள் சிரித்தாள். "யாரு வச்சாங்களோ, அவங்களுக்குத்தான் தெரியல" என்றாள்.

இப்போது சுற்றும் கால்களில் இன்னொரு வேலை கூடியிருக்கிறது. இரண்டிழைச் சுற்று முடிந்த பின், கணுவுக்குக் கீழே முன்புறம் மட்டும் ஆறிழை நூலைத் தெற்றுப்போல் குறுக்கே வைத்து, ஊசியால் இரு ஓரமும் பிடித்து, மேலே ஃபெவிகாலை நீர் கலந்து மெல்லப் பூசுகிறோம். உலர்ந்ததும் படிப்படியாக விரலில் தட்டுப்படும். விரல் மடியும் இடங்களில் பசை படக் கூடாது. பட்டால் இறுகி, மடக்கும்போது வெடிக்கும். நுனியில் மட்டும் ஒரு துளி விட்டால் அது கெட்டித்து மழுங்கிய நகமாகிறது. ஒரு காலுக்கு முன்பைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது.

பார்ப்பவர்களுக்கு இதனால் பெரிய மாற்றம் தெரிவதில்லை. ஒரு கண்காட்சியில் எங்கள் மைனாவைக் கையில் எடுத்த ஒருவர், இவ்வளவு சின்னக் காலுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று அன்போடுதான் கேட்டார். கண்ணுள்ளவருக்கு மைனாவைச் சரிபார்த்துக்கொள்ள வாசலில் ஆயிரம் மைனாக்கள் இருக்கின்றன. நாம் செய்தது பிசகானாலும் அவருடைய மைனா பிசகாது. அந்த வகுப்பறையில் பெரும்பாலான குழந்தைகளுக்கு, நாங்கள் தரும் காலைத் தவிர ஒப்பிட வேறு கால் கிடையாது. நாங்கள் மூன்று விரல் வைத்தால் மூன்று, வழவழப்பாக விட்டால் வழவழப்பு. லின்னேயஸின் மேசைக்குப் போன தோலைப்போல, நாங்கள் விட்டது அவர்களுக்குப் பறவையின் இயல்பாகிவிடும். கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கமாட்டாள்.

அடுத்து ஆள்காட்டி செய்கிறோம். நீண்ட மஞ்சள் கால், பின்விரல் இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்குச் சிறியது. அந்தச் சிறு விரலுக்குக் கம்பி மடிப்பது கடினமாக இருக்கிறது, குறடு பிடிப்பதில்லை. விட்டுவிடலாமா என்று இளையவள் நேற்றுக் கேட்டாள். மூத்தவள் பதில் சொல்லவில்லை. நூற்கண்டில் மஞ்சளைத் தேடித் தரச் சொல்லிக் கையை நீட்டினாள்.