வேண்டாம் என்றில்லை

இந்த விடயத்தை எழுதலாமா என்று மூன்று மாதம் யோசித்தேன். என் மனைவியிடம் கேட்டபோது, "பெயர் போடாமல் எழுதுங்கோ, எழுதாமல் மட்டும் விடாதேங்கோ" என்றார். மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று மதீனாவின் அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டியதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் என் வீட்டில் அந்த வெட்கம் இரண்டு வருடம் குடியிருந்தது.

நாங்கள் 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் சேர்ந்தவர்கள். புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே நிக்காஹ் முடித்து, யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தோம். இப்போது சரவணையில் ஒரு வாடகை வீடு. காலையில் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் படிப்பிக்கப் போய் வருகிறேன். வீட்டில் உம்மா, இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். வளவுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீர் வெளியிலிருந்து வரவேண்டும்.

மனைவிக்கு 46 வயதானபோது மாதக் கணக்குப் பிசகத் தொடங்கியது. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. இரவில் திடீரென்று எழுந்து போர்வையைத் தள்ளுவார். கழுத்தும் முதுகும் நனைந்திருக்கும். பிறகு பாயை எடுத்துக்கொண்டு காற்றுக்காக விறாந்தைப் பக்கம் போய்விட்டார். நான் நெருங்கினால் விலகினார். என்னை வெறுத்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு நாள் இரவு கணவனின் உரிமை பற்றிய ஹதீஸை எடுத்து வைத்து நீண்ட உபதேசம் ஒன்று செய்தேன். மௌலவியாக இருப்பதில் இப்படியும் ஒரு ஆபத்து உண்டு, ஆதாரம் எப்போதும் கைவசம் இருக்கும். அவர் பதில் சொல்லவில்லை, அழுதார்.

சில வாரம் கழித்து இஷாவுக்குப் பிறகு, பிள்ளைகள் தூங்கியதும் சொன்னார்: "இஞ்சேருங்கோ, வேண்டாம் என்றில்லை. வலிக்குது."

அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் எந்தக் கிதாபும் இருக்கவில்லை.

பெண் டொக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் விளக்கியதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். சூலகம் ஈஸ்ட்ரஜன் சுரப்பதைக் குறைக்கும்போது பெண்ணுறுப்பின் தோல் மெலிந்து வரண்டு போகிறது. அந்த வரட்சிதான் வலி. ஒருமுறை வலித்தால் உடம்பு அடுத்த முறைக்கு முன்பே பயந்து இறுகிவிடும், ஆசை பின்வாங்கும். ஆசை குறைந்ததால் விலகினார் என்று நான் நினைத்தது தலைகீழ். வலியால் விலகி, விலகியதால் ஆசையும் அடங்கியது. உடல் கொதிப்பு பலருக்குச் சராசரியாக ஏழு வருடமளவில் இருந்து தானாகத் தணியும். வரட்சி அப்படியல்ல, கவனிக்காமல் விட்டால் கூடிக்கொண்டே போகலாம். "வயது போனால் சரியாகிவிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வழி இருக்கிறது. தண்ணீரால் ஆன வழுவழுப்புக் களிம்பு பாமசியில் கிடைக்கும். அது போதாவிட்டால் டொக்டர் எழுதித் தரும் ஈஸ்ட்ரஜன் களிம்பு இருக்கிறது. உள்ளே பூசுவது, இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. ஹோர்மோன் என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதி இடையில் நிறுத்தப்பட்டதிலிருந்து பரவியது. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதைப் பலர் சொல்வதில்லை. 60 வயதுக்கு உட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடம் கடக்காத, வேறு நோயில்லாத பெண்களில் அநேகருக்கு ஹோர்மோன் மாத்திரையின் நன்மையே கூடுதல் என்று பின்னர் வைத்தியர்கள் கண்டார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு நிலைமை வேறு. ஆகவே பக்கத்து வீட்டு ராத்தாவின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

இனி வாழ்க்கை முறை. அதை டொக்டர் என் பக்கம் திரும்பித்தான் தொடங்கினார். "மௌலவிக்குச் சீனி வருத்தம் இருக்கோ?" இருந்தது. ஆறு வருடமாக. மருந்தை நினைத்தால் போடுவேன், நினைக்காவிட்டால் இல்லை. சீனி கட்டுப்படாவிட்டால் ஆண்களின் நரம்பும் இரத்தக் குழாயும் கெட்டு, ஆண்மை தளரும் என்றார். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தத் தளர்ச்சியை நான் ஏற்கனவே அறிந்திருந்தேன். அதை மறைக்க அவருடைய விலகல் எனக்கு வசதியாகவும் இருந்தது. குற்றம் அவர் மேல் இருக்கும்வரை என் இரத்தத்தை நான் சோதிக்கத் தேவையில்லையே!

மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் பிரஷர் மாத்திரைகளில் சிலவும் ஆசையைக் குறைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். தூக்கமும் அப்படித்தான். எல்லோரும் படுத்த பிறகு படுத்து, சுபஹுக்கு முன் எல்லோருக்கும் முதலில் எழும்பும் பெண்ணுக்கு, இடையில் மூன்று தரம் வியர்த்து விழிப்பும் வந்தால், படுக்கையில் தேவைப்படுவது தூக்கம் மட்டுமே. கணவன்மார் வளைகுடாவில் இருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் வீடுகளில் இது இன்னும் கடினம். அவர் விட்டுப்போன மனைவி 44 வயது. வந்து காணும் மனைவியின் உடம்பு வேறு.

டொக்டரிடம் சொல்லாத ஒன்றை மனைவி பஸ்ஸில் வரும்போது சொன்னார். குளிப்பு! எங்கள் கிணற்றில் கப்பி போட்டிருக்கிறது. சுபஹுக்கு முன் அது கிறீச்சிட்டால் உம்மாவும் அறிவார், வளர்ந்த பிள்ளைகளும் அறிவார்கள். அந்தச் சத்தத்துக்கு வெட்கப்பட்டே பல இரவுகளைத் தட்டிக் கழித்ததாகச் சொன்னார். இத்தனை வருடம் கடமையான குளிப்பின் பர்ளுகளைப் படிப்பித்தவனுக்குக் கப்பியின் நினைப்பு வரவில்லை. இப்போது மாலையில் நானே இரண்டு பெரிய வாளி நிரப்பிக் குளியலறைக்குள் வைத்துவிடுகிறேன்.

மார்க்கத்தின் பக்கம் இரண்டு வார்த்தை. அரபியில் இந்தப் பருவத்துக்கு 'ஸின்னுல் யஃஸ்', நம்பிக்கை இழக்கும் வயது என்று பெயர். சூரா அத்தலாக்கில் இத்தா பற்றி வரும் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர். அங்கே நம்பிக்கை இழப்பது மாதவிடாயைப் பற்றி மட்டுமே. இல்லறத்தைப் பற்றி அல்ல. ஆனால் நம் வீடுகளில் "இந்த வயதில் இதென்ன" என்ற பேச்சு அதையும் சேர்த்து மூடிவிட்டது. மனைவியின் தேவை நிறைவேறும்வரை கணவன் அவசரப்படக் கூடாது என்று இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் எழுதியிருக்கிறார், வயதெல்லை போடவில்லை. அந்தப் பக்கத்தை நாங்கள் மிம்பரில் வாசிப்பதில்லை.

இன்னொன்று அவசரமானது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டால்தான் மாதவிடாய் நின்றது என்று வைத்தியம் கணக்கிடுகிறது. அதுவரை கரு தங்க வாய்ப்புண்டு. அந்த ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு துளி இரத்தம் கண்டாலும் சகோதரிகள் என்னைப் போன்றவர்களிடம் "இது ஹைளா, இஸ்திஹாளாவா, தொழலாமா?" என்று ஆளனுப்பிக் கேட்கிறார்கள். கேட்பது சரிதான். ஷாஃபிஈ மத்ஹபில் ஹைளுக்கு உச்ச வயது கிடையாது என்பதால் பதிலும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிடாதீர்கள், அதே வாரம் டொக்டரிடமும் போங்கள். பெரும்பாலும் அது சாதாரண காரணமாக இருக்கும். சிலருக்குக் கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கும். ஃபத்வா தொழுகைக்குத்தான், கருப்பைக்கு அல்ல.

1996 முதல் நம் நாட்டில் வெல் வுமன் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதிலிருந்து பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரான மிஸ்ஸிடம் கேட்டால் நாள் சொல்வார். கணவரிடம் பேசுவதானால் படுக்கையில் பேசாதீர்கள், அங்கே அது மறுப்பாகத்தான் கேட்கும். பகலில், தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில் சொல்லுங்கள். நேரே சொல்ல வராவிட்டால் இந்தப் பக்கத்தை மடித்து அவர் பார்க்கும் இடத்தில் வையுங்கள்.

மனைவி பாயை இன்னும் விறாந்தைப் பக்கம்தான் போடுகிறார், அங்கே காற்று நன்றாக வருகிறது. என் பாயையும் அங்கே கொண்டுபோய்விட்டேன். அடுத்த வியாழக்கிழமை இருவருக்கும் கிளினிக் துண்டு இருக்கிறது. அவருக்குப் பத்து மணி. எனக்குச் சீனி பார்க்க, வெறும் வயிற்றில், ஏழு மணி.