மலைச் சைக்கிளும் நம் உடலும்

ஒருவர் ஒரு பொருளை வாங்கினால், அதைக் கண்டோர் முதலிற் கேட்பது அதன் விலை. அடுத்துக் கேட்பது அதன் பயன். இரண்டும் நியாயமான கேள்விகளே. உழைத்துப் பிழைக்கும் சமூகத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்குண்டு. ஆயினும் சில பொருள்களின் விஷயத்தில் இக்கேள்விகளுக்கு விடை கூறுதல் எளிதன்று. சென்ற மாதம் நாம் வாங்கிய மலைச் சைக்கிள் அத்தகைய பொருள்களுள் ஒன்று. தோட்டத்தில் அதைப் பார்த்தவர் யாவரும் விலை கேட்டனர். பதினோராயிரம் வெள்ளி என்றோம். பயன் யாது என்றனர், "ஓட்டுவதற்கு" என்றோம். அதற்குமேற் கேட்க அவர்களுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நாம் கூறிய விடை சுருங்கிய விடையாதலின், அதனை இங்கே சற்று விரித்துரைக்க முற்படுகின்றோம்.

சைக்கிள் நம்மவர்க்குப் புதிதன்று. பால் வாளிகளை இருபுறமும் தொங்கவிட்டு ஸ்டோருக்கு ஓடிய சைக்கிளை நம் தந்தையர் அறிவர். ரொட்டிக்காரர், பத்திரிகை போடுபவர், இளநீர் விற்பவர் ஆகிய அனைவரும் அதனாலேயே பிழைத்தனர். ஆகவே நம் நினைவில் சைக்கிள் என்றாற் சுமை. சைக்கிள் என்றால் வேலை. சுமை ஏற்றுவதற்கு இடமே இல்லாத ஒரு சைக்கிளைக் கண்டு நம்மவர் திகைப்பதில் வியப்பொன்றுமில்லை.

மலைச் சைக்கிளின் வரலாறோ வேறு. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் மாவட்டத்தில், தமல்பாயிஸ் மலையின் மண்பாதைகளில், இளைஞர் சிலர் பழைய கனத்த சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு ஏறி, அவற்றிலேறிப் பாய்ந்திறங்கி விளையாடினர். 1976-இல் அங்கு நடந்த பந்தயத்திற்கு 'ரீபேக்' என்று பெயர். இறங்கும் வேகத்தில் பின்சக்கரப் பிரேக்கு சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அப்பெயர் வந்தது. 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இவ்விளையாட்டுக்கென்றே ஒரு சட்டத்தைச் செய்தார். 1981-இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்னும் வண்டி பெருவாரியாக விற்பனைக்கு வந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. பழைய வண்டிகள், இருபதே ஆண்டுகளில் உலக அரங்கேறிய விளையாட்டொன்றின் மூதாதையர் ஆயின.

நிற்க. நம் பழைய வண்டியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். அலுமினியச் சட்டம், 26 அங்குலச் சக்கரங்கள், முன்னே மட்டும் சிறிது அமுங்கும் போர்க்கு, பின்னே யாதொரு நெகிழ்வும் இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தோட்ட மருத்துவர் நம் இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியதைக் காட்டி, "கிராணியார் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும்" என்றபோது வாங்கியது அது. செம்பனைக் காட்டின் செம்மண் சாலைகளில் அது நம்மைப் பல்லாயிரம் கிலோமீட்டர் சுமந்தது. சர்க்கரை அடங்கியது. ஆனால் நாள் முழுதும் சம்பளப் பட்டியலின்முன் குனிந்திருக்கும் முதுகு, கல்லிலும் வேரிலும் அவ்வண்டி கொடுத்த உதையைப் பொறுக்க மறுத்தது. ஓட்டுவதை விடுவதா, வண்டியை மாற்றுவதா என்னும் நிலை வந்தது. நான்காண்டுகள் மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி, கடனின்றி, சென்ற ஆண்டு மாதிரியை விலை குறைந்தபோது வாங்கினோம்.

புதிய வண்டியின் சட்டம் கார்பன் நாரினால் ஆயது. கார்பன் என்பது கரியே. கரியால் வண்டி செய்வதா என்று நம் அலுவலகப் பையன் வியந்தான். செயற்கை நாரொன்றைக் காற்றுப் புகாத கடும் வெப்பத்திற் சுட்டால், ஏனைய யாவும் நீங்கிக் கரி எஞ்சும். தலைமயிரினும் மெல்லிய அந்நாரை எப்பாக்ஸி என்னும் பிசினில் தோய்த்து, தாள் தாளாக அடுக்கி, அச்சிலிட்டு வேகவைத்தால் சட்டம் உருவாகும். நார் தன் நீளவாட்டில் இழுத்தால் மிக வலிது, குறுக்கே அவ்வாறன்று. ஆகவே ஒரு தாளை நேராகவும் மற்றொன்றைச் சாய்வாகவும் வைத்து, எங்கே வலிமை வேண்டுமோ அங்கே தடிப்பாகவும், எங்கே வேண்டாமோ அங்கே மெல்லியதாகவும் அடுக்குவர். இதன் குறையும் கூறத்தக்கதே. கூரிய கல் ஓங்கி இடித்தால், அலுமினியம் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும்; கார்பனோ வெளியே சிறு கீறலும் உள்ளே பெரும் விரிசலுமாக நிற்கக்கூடும். திருகாணிகளைக் கைப்போக்கில் முறுக்கலாகாது. விசையளக்கும் சாவி கொண்டு, குறித்த அளவிற்கே முறுக்க வேண்டும்.

புதிய வண்டி இலேசாயிருக்கும் என்று பலரும் நினைப்பர். தராசில் வைத்தோம்: பழையதும் ஏறக்குறைய 14 கிலோ, புதியதும் ஏறக்குறைய 14 கிலோ. சட்டத்திற் குறைந்த எடையைப் பின்புறத்து அதிர்வுதாங்கியும், 29 அங்குலச் சக்கரமும், அகன்ற டயரும் ஈடுசெய்துவிட்டன. அப்படியாயின் செலவழித்தது எதற்கு எனில், அதே எடையில் இரு சக்கரங்களும் அசைந்து கொடுக்கும் வண்டி கிடைத்ததற்கே. முன்சக்கரம் 140 மில்லிமீட்டரும், பின்சக்கரம் 130 மில்லிமீட்டரும் மேலெழுந்து இறங்கும். அதிர்வுதாங்கியினுள்ளே அடைத்த காற்று வில்லாக நின்று அமுங்குகின்றது. எண்ணெயானது சிறு துளைகளின் வழியே மெல்ல ஓடி, அவ்வில் திடுமென உதைக்காமற் காக்கின்றது. இது சுகத்திற்காக மட்டும் அமைந்ததன்று. வேரின்மேல் ஏறிய சக்கரம் அந்தரத்திற் குதித்தால் பிரேக்கும் பயனில்லை, பெடலும் பயனில்லை. சக்கரம் மண்ணை விடாமற் பற்றி நிற்பதே இதன் முதற் பயன்.

இவ்வமைப்பை ஒவ்வொருவரும் தம் உடல் எடைக்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆங்கிலவழிக் கல்வி நமக்கு அளித்த நன்மைகளுள் ஒன்று, இத்தகைய கையேடுகளை அச்சமின்றிப் படிக்க முடிவது. வண்டியில் ஏறி அமர்ந்தவுடன் அதிர்வுதாங்கி தன் ஓட்டத்தில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை அமுங்க வேண்டும். நம் வண்டியில் அவ்வோட்டம் 50 மில்லிமீட்டர். ஆகவே 14 மில்லிமீட்டர் அமுங்குமாறு காற்றடித்தோம். அதை அளந்து காட்டுவது தண்டிலே மாட்டியுள்ள ஒரு சிறு ரப்பர் வளையம்.

ரப்பர் என்றவுடன் நம்மை நிறுத்திய செய்தியொன்றுண்டு. இவ்வண்டியின் டயருக்குள் டியூப் இல்லை. அதற்குப் பதிலாக வெண்ணிறத் திரவம் ஒன்றை ஊற்றுகின்றனர். கடைக்காரர் அப்புட்டியைத் திறந்ததும் எழுந்த நெடியை நாம் உடனே அறிந்தோம். அது அமோனியா, அத்திரவம் ரப்பர்ப் பால். பால் உறையாதிருக்க ஸ்டோரில் அமோனியா கலப்பர்; பால்வெட்டுத் தொழிலாளியாகிய நம் தந்தையாரின் சட்டையில் அந்நெடி என்றும் இருந்தது. டயரில் முள் குத்தினால், பால் துளையை நோக்கி ஓடி, காற்றுப் பட்டு உறைந்து அடைத்துவிடும். வெட்டுக்காயத்தின்மேல் மரம் தானே பூசிக்கொள்ளும் மருந்தும் அதுவே. செம்பனை மட்டையின் முள் முன்பெல்லாம் மாதம் இருமுறையாவது நம்மை வழியில் நிறுத்தியதுண்டு. இம்மாதம் ஒருமுறையும் நிறுத்தவில்லை.

சைக்கிளுக்கும் நம் மக்களுக்கும் உள்ள உறவு இதனினும் ஆழமானது. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்பவர் சைக்கிளுக்குரிய காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அதே ஆண்டில் ரிட்லி என்பவர் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக வந்து சேர்ந்து, மரம் பட்டுப்போகாமற் பால் வெட்டும் முறையைப் பின்னர் வகுத்தார். 1896-இல் தான் சாய் யான் மலாக்காவில் ரப்பர் பயிரிட்டார். பின்பு மோட்டார் வாகனமும் பெருக, ரப்பருக்கு உலகெங்கும் பசி எழுந்தது. அப்பசிக்கு மரம் வெட்டக் கொண்டுவரப்பட்டவருள் பெரும்பாலோர் நம் பாட்டன் பாட்டியரே. உலகத்தார் சைக்கிளேறி உல்லாசமாய்ச் சென்ற டயர்களில் அவர்கள் கறந்த பால் இருந்தது. உல்லாசம் மட்டும் அவர்கள் பங்கிற்கு வரவில்லை.

முதல் ஓட்டத்திற்கு நாம் தேர்ந்த இடம் கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை அடுத்துள்ள புக்கிட் கியாரா. மலைச் சைக்கிள் அன்பர்கள் தம் கையாலேயே வெட்டித் திருத்திய ஒற்றையடித் தடங்கள் அங்குண்டு. அக்குன்று முன்னாளில் ஒரு ரப்பர்த் தோட்டம். 1970களில் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அத்தோட்டத்தின் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், வாக்களிக்கப்பட்ட வீடுகளுக்காகப் பல பத்தாண்டுகள் நீண்ட வீடுகளிலேயே காத்திருந்ததை நாடறியும். காடு மூடிய அக்குன்றில் ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன.

ஞாயிறு காலை ஏழு மணி. முந்திய இரவு மழை பெய்திருந்தது. ஏற்றத்தில் வேர்கள் நனைந்து வழுக்கின. பழைய வண்டியில் இவ்விடத்தில் பின்சக்கரம் சுழன்று நின்றுவிடும். நாமும் இறங்கித் தள்ளுவோம். புதியதோ வேரை மிதித்து, சற்றே அமுங்கி, மீண்டும் மண்ணைப் பற்றி ஏறியது. மூச்சு மட்டும் முன்போலவே வாங்கியது. எவ்வளவு விலை கொடுத்தாலும் ஏற்றத்தை வண்டி ஏறித் தருவதில்லை. கால்தான் ஏற வேண்டும்.

இறக்கத்தில் ஓரிடம் உண்டு. முழ உயரத்திற்கு வேர்ப்படி. அதன் கீழ் உடனே இடப்பக்கம் ஒரு வளைவு. ஒன்பது ஆண்டுகளாக அவ்விடத்தில் நாம் இறங்கி நடப்பதே வழக்கம். அன்றும் நின்று பார்த்தோம். பின்பு விரலால் விசையை அழுத்தி இருக்கையைத் தாழ்த்தி, உடலைப் பின்வாங்கி, கண்ணை வேரின்மேல் வையாமல் வளைவின் முடிவில் வைத்து விடுத்தோம். கண் செல்லுமிடத்திற்கே சக்கரமும் செல்லும் என்பது இவ்விளையாட்டின் முதற் பாடம். முன்சக்கரம் விழுந்தது, அமுங்கியது, எழுந்தது. பின்சக்கரம் தொடர்ந்தது. வளைவு கடந்துவிட்டது. அனைத்தும் ஐந்தாறு நொடிகளே. கீழே வந்து நின்றபோது நாம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். அருகில் எவருமில்லை.

வண்டியைச் சாய்த்த மரம் ரப்பர் மரம். பட்டையில் பழைய வெட்டுத் தழும்புகள் புடைத்து நின்றன. பொழுது விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இத்தகைய சரிவுகளில் நம் தந்தையார் ஏறியிறங்கினார். நாளொன்றுக்கு நானூறு, ஐந்நூறு மரம். நாம் அன்று ஏறியதினும் செங்குத்தான மேடுகளைத் தோளிற் பாலைச் சுமந்து கடந்தவர் அவர். அக்கால்களின் வலிமைக்கு நம் கால்கள் ஈடாகா. எனினும் ஐம்பத்தெட்டாம் வயதில் மாரடைப்பால் இறக்கும்வரை, அவ்வலிமையைத் தம் மகிழ்ச்சிக்காக ஒருமுறையேனும் அவர் செலவிட்டதை நாம் கண்டதில்லை. ஓய்வு என்றால் படுத்திருத்தல். அல்லது கடைக்குச் செல்லுதல். வேலையில்லாத வேளையில் ஓடுவதும் ஏறுவதும் துரைமார் செயலென்றே அவர் எண்ணியிருந்தார். அவ்வாறு எண்ணுமாறு அவர் பழக்கப்பட்டிருந்தார் என்பதே பொருந்தும்.

நாம் கூற வந்தது இதுவே. நம் உடல் கூலிக்கு மட்டும் உரியதன்று. கல்யாணத்தில் ஒரே இரவில் இதனினும் பெருந்தொகை கரைவதை எவரும் கேள்வி கேட்பதில்லை. பலர் அதற்குக் கடனும் வாங்குகின்றனர். ஒருவன் தன் சேமிப்பைத் தன் மூச்சுக்கும் முதுகுக்கும் சிரிப்புக்கும் செலவிட்டால் மட்டும் அது வீண்செலவாகத் தோன்றுவானேன்? உழைக்கும் கை ஓய்வில் விளையாடவும் உரிமை உடையது என்பதை நம் பிள்ளைகளாவது ஐயமின்றி அறிந்து வளர வேண்டும்.

இதைப் படித்துவிட்டு எவரும் கார்பன் வண்டிக்குக் கடன் வாங்க வேண்டாம். நம் சர்க்கரையை அடக்கியது எண்ணூறு வெள்ளிப் பழைய வண்டியே. அதனை இப்போது நம் தோட்டத்து ஆயாவின் மகள் ஓட்டுகின்றாள், வயது பதினான்கு. அவளோடு இன்னும் ஐவர், மானேஜரின் அனுமதி பெற்று, ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பெரட்டுக்களத்தில் கூடுகின்றனர். ஒருவரிடமும் விலையுயர்ந்த வண்டி இல்லை. தலைக்கவசம் மட்டும் அனைவர்க்கும் உண்டு. அதில் நாம் விட்டுக்கொடுப்பதில்லை.

உங்கள் தோட்டத்திலும் செம்மண் சாலை இருக்கும். நகரத்தில் வாழ்வோர்க்கு அருகிலே பூங்காவும் குன்றும் இருக்கும். வீட்டின் பின்புறத்தில் ஒரு சைக்கிள் துருவேறிக் கிடக்கவும் கூடும். பிரேக்கைச் சரிபார்த்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, காற்றடித்துக்கொண்டு புறப்படுக.