மீதமுள்ள அறைகள்

சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குப் புறப்படும் உல்லாசக் கப்பலில் இன்னும் எத்தனை அறைகள் காலி என்று விசாரிக்கப் புகுந்தால், மொத்தக் கணக்கைக் கப்பல் கம்பெனிகள் சாமானியத்தில் சொல்வதில்லையாதலால், பணம் கட்டாமலே முன்பதிவுப் பக்கத்தில் நுழைந்து, பால்கனி, ஜன்னல், உள்ளறை என வகை வகையாகத் தோன்றும் எண்களைத் தளவரைபடத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்வதே அனுபவஸ்தர்கள் எனக்குச் சொல்லித்தந்த உபாயம். அதிலும் பூரண உண்மை கிட்டாது. முகவர்கள் மொத்தமாகப் பிடித்துவைத்த அறைகள், முழுப்பணம் செலுத்தும் கெடு நெருங்குகையில்தான், பெரும்பாலும் புறப்பாட்டுக்குச் சுமார் 90 நாட்கள் முன்பு, திரும்பி வரும். எனக்கு விசித்திரமாய்ப் பட்டது வேறொன்று: இருவருக்குக் காலியென்று காட்டிய அதே நாலு கட்டில் அறை, குழந்தைகளையும் சேர்த்து நால்வர் என்றதும் மாயமாகிவிடக்கூடும், அப்பகுதிக்குரிய உயிர்காப்புப் படகில் இடம் நிரம்பியிருந்தால். குடும்பத்தோடு போகிறவர்கள் தலைக்கணக்கைச் சரியாகக் கொடுத்தே தேடுங்கள்.