வரைந்ததை எங்கே வைப்பது?



மூன்றாம் ஆண்டு முடியப் போகிறது என்றாலே பார்க்கிறவர்கள் எல்லாம் "அடுத்து என்ன?" என்று கேட்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து ரூம் எடுத்துப் படிக்கிற எங்களுக்கு அதற்கும் முந்தி இன்னொரு கேள்வி வந்து நிற்கும். இத்தனை சாமானையும் எங்கே கொண்டுபோய் வைப்பது?

துணிமணி, வாளி, பாய், தலையணை இவற்றால் தொந்தரவு இல்லை. ஒரே மூட்டையாகக் கட்டினால் முக்கூடல் பஸ்ஸில் ஏறிவிடும். படம் வரைகிறவன் பாடுதான் திண்டாட்டம். நான் சிவில் பிரிவு. டிராயிங் போர்டு, மினி டிராஃப்டர், செமஸ்டர் வாரியாக ஷீட்டுகள். இது போக, சாயங்காலங்களில் ஆசைக்கு வரைந்த படங்கள் நாற்பதுக்கு மேல். கொக்கிரகுளம் படித்துறை, ஆற்றில் குளிக்கிற எருமைகள், பாளையங்கோட்டையில் எங்கள் ரூம் ஜன்னலில் தெரியும் வேப்பமரம். சுலோச்சன முதலியார் பாலத்தை மட்டும் ஒன்பது தடவை வரைந்திருக்கிறேன். 1843-ல் கட்டிய பாலம், இன்றைக்கும் தாமிரபரணிக்கு மேலே பஸ்ஸையும் லாரியையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதன் வளைவை அளவெடுத்து வரைந்தால் சிவில். அந்த வளைவுக்குள் வெயில் விழுவதை வரைந்தால் ஓவியம். எனக்கு இரண்டும் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் மேல்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். வீடு ஓட்டு வீடு. ஒரே அறை, ஒரு திண்ணை. அம்மாவும் அக்காவும் பீடி சுற்றுகிறார்கள். பீடி இலையை நனைத்து ஈரச்சாக்கில் பொதிந்து வைக்க வேண்டும், காய்ந்தால் ஒடிந்துவிடும். தாளுக்கோ ஈரம் ஆகவே ஆகாது. இருக்கிற ஒரு அறையில் இரண்டையும் எப்படி வைப்பது? சோறு போடுவது இலை. ஆகவே இலைக்குத்தான் முதல் இடம். அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. என் டிராஃப்டரே அந்த இலை வாங்கித் தந்ததுதானே!

முதல் நடை சாமானை வீட்டில் இறக்கியபோது அம்மா, "எய்யா, இம்புட்டையும் எங்கன வைக்க?" என்றாள். அப்பா, "பரிச்சதான் முடிஞ்சிட்டுல்லா, இனி எதுக்கு? எடைக்குப் போட்டுரலாம்" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. பிசானம் அறுத்த வயலில் தாளை மடக்கி உழுது, அடுத்த காருக்குத் தயார் செய்கிற மனுஷர் அவர். அவர் கணக்கில் அது சரி.

ஓவியமே படிப்பாகப் படித்தவர்கள், படிப்பு முடிந்து எங்கே போனார்கள் என்று யோசித்தேன். அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருப்பது சென்னையிலும் கும்பகோணத்திலும். நம்மூர்ப் பிள்ளைக்கு இரண்டும் தூரம். நூலகத்தில் தேடிப் படித்ததில் இரண்டு கதைகள் மனதில் நின்றுவிட்டன.

ஒன்று சோழமண்டலம். சென்னைக் கலைக்கல்லூரி முதல்வர் கே.சி.எஸ்.பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் அமைத்த ஓவியர் கிராமம். கல்லூரியை விட்டு வெளியே வந்தால் படம் வரைந்து பிழைக்க முடியாது என்ற நிலைமை. அவர்கள் துணியில் பாத்திக் வேலை செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கிக் குடிசை போட்டார்கள். கைத்தொழில் சோறு போட்டது, ஓவியம் வீட்டோடு இருந்தது.

இன்னொன்று நம் பக்கத்துக் கோவில்பட்டி. கொண்டையராஜு (1898-1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1940களின் தொடக்கத்தில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. மனுஷர் அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, சீடர்களோடு இருந்து சாமி படங்கள் எழுதினார். அவை சிவகாசியில் அச்சாகி, காலண்டராகத் தமிழ்நாடு முழுக்கப் போயின. அவர் படம் ஏறாத சுவர் எத்தனை இருக்கும்? ஓவியம் என்றால் என்ன என்று கேள்விப்படாத வீட்டில்கூட ஓர் ஆணியில் ஓவியம் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும்தான்!

இதைப் படித்த பிறகு என் வழி எனக்குத் தெரிந்தது. ஜூனில் கோயம்புத்தூரில் ஒரு கட்டட வேலைக்குப் போகிறேன். அக்கா கல்யாணத்துக்குச் சம்பளம் வேண்டும். கலைக் கல்லூரி இப்போதைக்கு இல்லை. ஆனால் படத்தை எடைக்குப் போடுவதும் இல்லை.

தெரிந்த மேஸ்திரி ஒருவர் மிச்சம் கிடந்த நாலு இஞ்ச் பி.வி.சி. பைப் துண்டு இரண்டு தந்தார். படங்களைச் சுருட்டி உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் எண்ட் கேப் போட்டு, உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் வெளியே போகாத பைப்புக்குள் ஈரம் மட்டும் எப்படிப் போகும்? சிவில் படிப்பு ஓவியத்துக்குச் செய்த முதல் உதவி இது!

ஒரு பாலத்துப் படத்தை மட்டும் அம்மா கையில் எடுத்தாள். போன வருஷத்து அரிசிக்கடை காலண்டரைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் அவளே மாட்டினாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். "இந்தப் பாலத்து வழியாத்தானல உன்னயச் சேக்கக் கூட்டிட்டுப் போனேன்" என்றார். எடைக்குப் போடுகிற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அடுத்த வருஷம் ரூமைக் காலி செய்யப் போகிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். போர்டை ஜூனியருக்குக் கொடுத்துவிடுங்கள். என்னுடையது இப்போது ஒரு முதலாண்டுத் தம்பியிடம் இருக்கிறது. ஷீட்டுகளை எடைக்குப் போடுமுன் நன்றாக வந்த ஒன்றையாவது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுங்கள். நம் மார்க் ஷீட்டை வாசிக்கத் தெரியாத அப்பா அம்மா நம்மில் பலருக்கு உண்டு. மூன்று வருஷம் பிள்ளை என்ன படித்தான் என்பதை அவர்கள் அந்தச் சுவரில் பார்த்துக்கொள்வார்கள்.

- மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு