உரச் சாக்கில் ஒரு சிறகு

சரசுவதி பூசையன்று மாணாக்கர் தத்தம் புத்தகங்களைக் கொணர்ந்து கும்பத்தின் முன் அடுக்கி வைப்பது எமது கல்லூரி வழக்கம். மூன்றாண்டுகளுக்கு முன்னர், அவ்வடுக்கின் அருகே விசித்திரமான பொருளொன்று சாய்ந்து நிற்கக் கண்டோம். மூங்கிற் சட்டத்தின்மேல் உரச் சாக்கை இழுத்துத் தைத்த, ஆறடி நீளமுள்ள சிறகு அது.

"யாருடைய குப்பை இது? வெளியே வையுங்கள்" என்றோம்.

பத்தாந் தரத்து மாணவனொருவன் வாய் திறவாது அதனை எடுத்துச் சென்றான். பசறை வீதியிலுள்ள தோட்டத்து லயமொன்றிலிருந்து வருபவன். தாய் கொழுந்து பறிப்பவர். அன்றிரவு எமக்கு உறக்கம் கொள்ளவில்லை. கலைமகள் சந்நிதியில் எது குப்பை என்று தீர்மானிக்க நாம் யார்?

மறுநாள் அவனை அழைத்து விசாரித்தோம். "இன்னொரு பக்கமும் கட்டி முடிச்சா ஒரு ஆள் பறக்கலாம் சேர். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒண்ணும் கிடைக்கும். மேல்மலையிலேருந்து ஓடி வந்து பார்க்கப் போறேன்" என்றான்.

எமக்கு நெஞ்சு பதறியது. ஆயினும் அதட்டவில்லை, கரும்பலகையின் அருகே அழைத்துச் சென்றோம். ஒருவர் மட்டும் அமரும் இலகு விமானங்கள் உலகில் உண்டென்பதும், ஆர்வலர் பலர் அவற்றை வீட்டிலேயே கட்டிப் பறக்கின்றனர் என்பதும் மெய்யே. அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு விதிகளின்படி, எந்திரம் பூட்டிய அத்தகைய விமானத்தின் வெற்று நிறை 254 இறாத்தலுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். அது 50 கிலோ அரிசி மூட்டைகள் இரண்டைவிடச் சற்றே கூடிய பாரம். ஆனால் சிறகைத் தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் தூக்குவிசை காற்பங்காகிவிடும். மலையேற ஏறக் காற்று மெலியும், எந்திரமும் வலுவிழக்கும். ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் அதே வரண்ட காற்று, மலைமுகட்டைக் கடந்து சரிவில் இறங்கும்போது இலகு விமானத்தை நிலத்தில் அறைந்துவிடும். தேயிலைச் சரிவில் அவசரத்துக்கு இறங்கச் சமதரை ஏது?

பின்னர் ரே விஜேவர்தனவின் கதையைச் சொன்னோம். பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்த அதே 1924இற் பிறந்தவர் அவர். கேம்பிரிட்ஜிற் பொறியியல் கற்றார். கிராமத்தவர் நன்கறிந்த 'லான்ட்மாஸ்டர்' இருசக்கர உழவியந்திரத்தை உருவாக்கினார். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கிற் பாய்க்கப்பலோட்டினார். இவற்றோடு, சிறு விமானங்களைத் தாமே வரைந்து, தாமே கட்டி, தாமே பறந்தும் காட்டினார். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராயும் விளங்கி, 2010இல் மறைந்தார். "முதலிற் கணக்கு, பிறகு சிறகு, அதற்கு அவரே சான்று, தம்பி" என்று முடித்தோம்.

பையன் சற்று நேரம் யோசித்தான். "அவருக்குக் கட்டுறதுக்கு இடம் இருந்திருக்கும், இல்லையா சேர்?" என்று கேட்டான்.

எமது உபதேசம் அவ்விடத்திலேயே நின்றுவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஐவர் உறங்கும் வீட்டுப் பிள்ளையிடம், வசதியுள்ள குடும்பத்திற் பிறந்து அயல்நாட்டிற் கற்றவரை எடுத்துக்காட்டிவிட்டு, 'நீயும் முயல்' என்பது எளிது. அறிவுக்கும் ஓர் இடம் வேண்டும். தவறு செய்து பார்க்கவும், செய்ததைக் கலைத்துத் திரும்பக் கட்டவும் ஒரு மூலை வேண்டும். எமது பிள்ளைகளுள் எத்தனை பேர் இந்த மூலையின்றியே மங்கிப் போனார்களோ!

எமது வீட்டுப் பின்விறாந்தையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தோம். நிபந்தனை ஒன்றே: அதிகாரிகளின் அனுமதியும் பயிற்சியும் இன்றி, எந்த மலையிலிருந்தும் அவன் குதிக்கலாகாது. அவன் சிறுமாதிரிகள் செய்தான், அவை விழுந்தன, ஏன் விழுந்தன என்று கணக்குப் போட்டான். அவன் தாய் ஒருநாள் வந்து, "கையக் காலை ஒடிச்சிக்காமப் பாத்துக்குங்க ஐயா" என்று கலங்கி நின்றார். அவருக்கும் வாக்குக் கொடுத்தோம்.

இப்பொழுது அவன் உயர்தரத்திற் கணிதப் பிரிவிற் பயில்கிறான். அவன் பறப்பானா, எம்மைப் போல் ஆசிரியனாவானா, அறியோம். அந்தப் பழைய சிறகு இன்னும் எமது விறாந்தையில் இருக்கிறது. எம் இல்லாள் அதன்மேல் வடகம் காயவைப்பதும் உண்டு. ஆயினும் ஆண்டுதோறும் சரசுவதி பூசையன்று அதைத் துடைத்தெடுத்து, கல்லூரிக்குத் தூக்கிச் சென்று, புத்தகங்களின் அருகே வைப்பவர் நாமே.