பாலம் இடிந்த பிறகு

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. முதல் அச்சு ஆயிரம் பிரதிகள்தான். கட்டம் போட்ட பலகை கிடையாது. இவர் வென்றார், இவர் தோற்றார் என்று முடிவதும் கிடையாது. டன்ஜன் மாஸ்டர் என்று ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ திருடனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, அடுத்து என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். சொன்னது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

பல ஆண்டுகளாக நண்பர்களோடு இதை ஆடிவருகிறேன். நாங்கள் கொன்ற டிராகன்களில் பாதி எனக்கு மறந்துவிட்டது. மறக்காதது, கோட்டைக் காவலனை ஏமாற்றி உள்ளே நுழைய நாங்கள் மாலை முழுவதும் தீட்டிய திட்டம். பொய்ப் பெயர்கள், பொய்க் கடிதம், எல்லாம் தயார். பேச்சைத் தொடங்கியதும் இருபது முகப் பகடையில் ஆகக் குறைந்த எண்ணான ஒன்று விழுந்தது. காவலன் கொம்பை எடுத்து ஊதிவிட்டான். அதற்குப் பிறகு, யோசிக்க நேரமே இல்லாமல் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு நாங்கள் தப்பித்த விதத்தைத்தான் இன்றும் கூடினால் பேசுகிறோம். இந்த விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். திட்டம் உடையும் கணத்தில்தான் கூட இருப்பவர்கள் யாரென்று தெரிகிறது.

இந்த விளையாட்டை வைத்து 2000இல் வந்த முதல் படத்தில் அந்த உயிர் இல்லை. அதன் இயக்குநர் கோர்ட்னி சாலமனுக்கு விளையாட்டின் மீது உண்மையான பிரியம் இருந்தது. இருபது வயதை ஒட்டியே உரிமையை வாங்கி, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் போராடி எடுத்த முதல் படம் அது. ஜெரமி அயர்ன்ஸ் போன்ற பெரிய நடிகர் வில்லன். வானம் நிறைய டிராகன்கள். ஆனால் புத்தகங்களில் உள்ள பொருட்களைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள், மேசையைச் சுற்றி நடப்பதைக் கொண்டுவரவில்லை. படம் தோற்றது.

2023இல் ஜோனத்தன் கோல்ட்ஸ்டீனும் ஜான் பிரான்சிஸ் டேலியும் இதே விளையாட்டை வைத்து இயக்கிய ‘ஹானர் அமங் தீவ்ஸ்’ எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு பாலம் காரணம். பாதாள உலகில் ஒரு பழைய பாலம். அதைக் கடக்க எந்தக் கல்லில் எந்த வரிசையில் கால்வைக்க வேண்டும் என்ற சிக்கலான விதியை, நேர்மையே உருவான வீரன் ஜெங்க் நிதானமாக விளக்கத் தொடங்குகிறான். விளக்கம் முடிவதற்குள் இளம் மந்திரவாதி சைமன் தன்னை அறியாமல் ஒரு காலை வைத்துவிட, பாலம் முழுவதும் சரிந்து விழுகிறது. அரங்கில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். டன்ஜன் மாஸ்டர் பல நாள் உழைத்துக் கட்டிய புதிரை ஆட்டக்காரர் ஒருவர் ஒரே நொடியில் பாழாக்குவது எங்கள் மேசையில் வாடிக்கை. இனி எப்படிக் கடப்பது? குழுவிலுள்ள வீராங்கனை ஹோல்கா கையில் சாதாரணமாகத் தூக்கிவந்த கோல், திடீரென்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வாசல் திறக்கும் மந்திரக்கோலாக அடையாளம் காணப்படுகிறது. கதை நின்றுபோகாமலிருக்க அந்த நிமிடத்தில் டன்ஜன் மாஸ்டர் கண்டுபிடித்துக் கொடுத்தது போலவே இருக்கிறது அது! அந்தக் கோலை வைத்து அவர்கள் போடும் கொள்ளைத் திட்டமும் உருப்படுவதில்லை. வாசலை ஒளித்து உள்ளே அனுப்பிய ஓவியம் கருவூலத்தில் குப்புற விழுந்துவிடுகிறது. திறந்து பார்த்தால் கல்தரை.

பாணன் எட்ஜினாக வரும் கிறிஸ் பைனின் வேலையே திட்டம் போடுவது, அது உடைந்ததும் அடுத்ததைப் போடுவது. படம் முழுக்க இதுதான் நடக்கிறது. விதிகளைக் கரைத்துக் குடித்த ரசிகர்கள் சிலர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்கள்: குழுவில் உருமாறும் ஆற்றல் உள்ள டோரிக் ஆந்தைக்கரடியாக உருமாறுகிறாளே, ஆட்டத்தின் விதிப்படி அந்த உருவம் அவளுக்குக் கிடைக்காதே என்று. எனக்கு அதில் வருத்தமில்லை. மேசையிலும், கேட்கிற ஆசை அழகாக இருந்தால் நல்ல டன்ஜன் மாஸ்டர் சம்மதித்துவிடுவார்.

சுமார் 15 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுவதும் 21 கோடி டாலர் அளவுக்கே வசூலித்தது. திரையரங்குகளின் பங்கு போனால் அது லாபமில்லை. முந்தைய வாரம் ‘ஜான் விக்’கின் நான்காம் பாகம், அடுத்த வாரம் ‘சூப்பர் மாரியோ’. இடையில் நசுங்கிவிட்டது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எவ்வளவு நன்றாக எடுத்தாலும் திரையால் முடியாத ஒன்று உண்டு. சைமனின் கால் எங்கே விழும் என்பதை எழுத்தாளர்கள் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டார்கள். பகடை உருளும்போது மேசையில் எல்லோருக்கும் மூச்சு நிற்குமே, அதைப் பார்வையாளருக்குக் கொடுக்க வழியில்லை. ஆனால் முடிவில் இறந்தவரை மீட்கும் பலகை ஒன்று எட்ஜினுக்குக் கிடைக்கிறது. ஒருமுறைதான் பயன்படும். மனைவியை மீட்கவே அவன் இவ்வளவு தூரம் வந்தான். இப்போது கண்முன் கிடப்பவள், அவன் மகளைத் தாயாக இருந்து வளர்த்த ஹோல்கா. அவன் ஹோல்காவைத் தேர்ந்தெடுக்கிறான். எங்கள் மேசையில் இப்படியோர் இடம் வந்தால் யாரும் பகடையைத் தொடமாட்டோம். என்ன செய்கிறாய் என்று டன்ஜன் மாஸ்டர் கேட்பார், ஆட்டக்காரர் சொல்வார், அப்படியே நடக்கும். மேசைக்கும் திரைக்கும் இருந்த தூரம் எனக்கு அங்கே மட்டும் இல்லாமல் போனது.